கால் தொட்டியில் வைத்தால் உடம்பின் நச்சு வெளியேறுமா? அம்மாவுக்காகக் கேட்கிறேன்

மார்த்தாண்டம் மகள்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் புதிதாகத் தொடங்கியுள்ள நிலையம் ஒன்றில், கால்களை வெந்நீர்த் தொட்டியில் வைத்தால் உடம்பின் நச்செல்லாம் வெளியேறிவிடும் என்கிறார்கள். அரை மணி நேரத்துக்கு 400 ரூபாய். அம்மாவுக்கு 63 வயது. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். நானும் உடன் போயிருந்தேன். தண்ணீரில் ஒரு கரண்டி உப்பைப் போட்டு, உலோகத் தகடுகள் கொண்ட ஒரு கருவியை இறக்கி மின்சாரம் கொடுத்தார்கள். பத்தே நிமிடத்தில் நீர் மஞ்சளாகி, பிறகு செங்கல் கரைத்தது போலாகி, மேலே நுரை படர்ந்தது. சுவரில் இருந்த வண்ண அட்டையைக் காட்டி, பழுப்பு நிறம் கல்லீரல் கழிவு, பச்சை பித்தப்பைக் கழிவு என்று விளக்கினார்கள். "இவ்வளவும் எனக்குள்ளயா கெடந்தது மக்களே" என்று அம்மா கண் கலங்கிவிட்டார். அன்றிரவு நன்றாக உறங்கினார் என்பதும் உண்மை. ஆனால் இப்போது மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார். இதில் உண்மை எவ்வளவு?

தக்கலை வேதியியல் ஆசிரியர் (ஓய்வு):
மகளே, அந்த நிறம் உங்கள் அம்மாவின் உடம்பிலிருந்து வந்ததன்று. கருவியின் தகட்டிலிருந்து வந்தது. உப்பு நீரில் மின்சாரம் பாயும்போது நேர்மின் தகட்டிலுள்ள இரும்பு கரைந்து, நீரில் உண்டாகும் ஹைட்ராக்சைடோடு சேர்கிறது. அது முதலில் பச்சையாகவும், காற்றுப் பட்டதும் பழுப்பாகவும் மாறும். பழைய இரும்பு வாளியில் படியும் துருவும் இதே இனம்தான். அந்தத் தகட்டைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். தேய்ந்துபோன உலோகம் முழுவதும் தொட்டி நீருக்குள்தான் போயிருக்கிறது. 2012ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய கருவியை ஆறு பேரிடம் பயன்படுத்தி, கால் வைத்த நீரையும் வைக்காத நீரையும், சிறுநீரையும் முடியையும் சோதித்தார்கள். நச்சு உலோகங்கள் உடம்பை விட்டு வெளியேறியதற்குச் சான்று கிடைக்கவில்லை.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் உப்பு நீர் எடுத்து, இரண்டு இரும்பு ஆணிகளை ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி, 9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளோடு இணைத்து, சன்னல் ஓரமாக வையுங்கள். வீட்டு மின்இணைப்பை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது.

குளச்சல் கடலோரம்:
நானும் ஐந்து முறை போனவன். எங்கள் கிணற்று நீரே உப்பு என்பதால், அவர்கள் உப்புப் போடாமலே நீர் கறுத்துவிட்டது; மற்றவர்களைவிட எனக்கு நச்சு அதிகம் என்றார்கள். மணவாளக்குறிச்சி மணலின் கதிர்வீச்சுகூட வெளியேறும் என்று சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த மணலில் மோனசைட் என்ற கனிமமும் அதில் கதிர்வீச்சுள்ள தோரியமும் இருப்பது உண்மை. ஆனால் மக்களுக்கு ஏற்கெனவே இருக்கும் அச்சத்தை வைத்துப் பணம் பறிப்பது பெரும் அநியாயம்.

நாகர்கோவில் செவிலியர்:
நிறத்தைவிட எனக்குக் கவலை தருவது அந்த வெந்நீர், அக்கா. பல ஆண்டு சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தின் உணர்வு குறைந்திருக்கலாம். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும், கொப்புளம் வந்தபிறகுதான் கவனிப்பார்கள். நெடுநேரம் ஊறவைத்தால் தோல் தளர்ந்து, விரலிடுக்கில் வெடிப்பும் கிருமியும் சேரும். வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் கழுவினால் போதும். சூட்டை நீங்கள் உங்கள் முழங்கையால் பார்த்துச் சொல்லுங்கள். பிறகு விரலிடுக்கை ஒற்றித் துடைத்து, தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். இளஞ்சூடான நீரில் கால் நனைத்தால் நலமாக உள்ளவர்களுக்கு உறக்கம் எளிதில் வருவது உண்மைதான். அதற்கு வீட்டு வாளியே போதும், மின்சாரம் வேண்டாம். இரத்தக் கழிவுகளைப் பிரிக்கும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன. உள்ளங்காலில் அதற்கு வழியே இல்லை. மருத்துவர் சொல்லாமல் மாத்திரையில் பாதிகூடக் குறைக்க வேண்டாம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, நைலான் இழையால் தொட்டுப் பாத உணர்வைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் மகள்:
ஐயா சொன்னபடி நேற்று மாலை அடுக்களைச் சன்னலோரம் ஆணிகளை வைத்தோம். கால் மணி நேரத்தில் டம்ளர் நீர் அதே செங்கல் நிறமானது. அம்மா ஒன்றும் பேசாமல் டம்ளரை வாசலுக்கு எடுத்துச் சென்று, வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்துவிட்டு, மாத்திரைப் பெட்டியை எடுத்துவரச் சொன்னார். செவிலியர் தங்கை சொன்னதற்காகப் பாதத்தையும் பார்த்தேன்: இடது கால் சுண்டுவிரல் இடுக்கில் நெல்மணி நீளத்துக்கு ஒரு வெடிப்பு இருக்கிறது. தொட்டபோது அம்மாவுக்குத் தெரியவே இல்லை. நாளைக் காலையிலேயே ஆசாரிபள்ளத்துக்கு அழைத்துப் போகிறேன்.