புதுப்பிப்பு: தனுஷ்கோடி பள்ளிக்கூடச் சுவர்

தனுஷ்கோடியில் கூரையில்லாமல் நிற்கும் பழைய பள்ளிக்கூடத்தைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். சுவரெல்லாம் பொத்தல் பொத்தலாக இருக்கிறதே, உப்பு அரித்ததா என்றும் கேட்டிருந்தேன். சரி, நேற்று மறுபடி போனேன். அரிப்பு மட்டும் இல்லை, கல்லே அப்படித்தான். கடலிலிருந்து எடுத்த பவளக்கல். கிட்டப் போய்ப் பார்த்தால் பூவிதழ் போல வரிகள். தேவாலயச் சுவரிலும் அதே வரிகள்!

பக்கத்தில் சங்குமாலை விற்கும் அம்மா, "கை வைக்காதப்பா, பொலபொலன்னு உதிருது" என்றார். உண்மைதான், கீழே வெள்ளைத் தூள். 1964 டிசம்பர் புயலுக்கே தப்பிய சுவர். அதில் ஆணியால் பெயர் கிறுக்கியிருந்ததைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. தயவுசெய்து யாரும் சாய்ந்து நின்று படம் எடுக்காதீர்கள். அப்புறம், காலையிலேயே போய்விடுங்கள். சாய்வான வெயிலில்தான் அந்த வரிகள் நன்றாகத் தெரிகின்றன.