புதுச்சேரிக்குக் கடன் கொடுப்பது யார்?

முத்தியால்பேட்டைக்காரன் கேட்டது:

தேர்தல் வந்தால் போதும், மேடைக்கு மேடை "ஒவ்வொருத்தர் தலையிலும் இத்தனை ஆயிரம் கடன்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பதவியில் இருந்தபோது கடன் வாங்கியவர்களே எதிர்க்கட்சியானதும் கணக்குக் கேட்கிறார்கள், இந்தப் பக்கமும் அதே கதைதான். நான் ஜவுளிக்கடை வைத்திருப்பவன். எனக்கு யார் சரக்கைக் கடனில் கொடுத்தார், எந்தத் தேதிக்குள் அடைக்கணும் என்பது அத்துப்படி. அரசாங்கத்துக்கு யார் கொடுக்கிறார்கள்? கட்ட முடியாமல் போனால் நாமும் இலங்கை மாதிரி ஆகிவிடுவோமா? பெண்களுக்கு மாதாமாதம் பணம் கொடுப்பதால்தான் இவ்வளவு கடன் என்று என் மச்சான் வேறு சாதிக்கிறார். கட்சிக்காரர்கள் தயவுசெய்து சண்டை போடாமல் சொல்லுங்கள்.

பழைய கருவூலத்தான்:

சார், கணக்குப் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான், தெரிந்ததைச் சொல்கிறேன். 2007 டிசம்பர் வரை நமக்கென்று தனிப் பொதுக் கணக்கே கிடையாது, மத்திய அரசின் கணக்கோடு சேர்ந்துதான் ஓடியது, துண்டு விழுந்தால் டெல்லியே கடனாகக் கொடுக்கும். தனிக் கணக்கு தொடங்கிய பிறகுதான் வெளிச்சந்தையில் வாங்க ஆரம்பித்தோம். எப்படி வாங்குகிறார்கள் என்றால், மாநிலங்களுக்காக ரிசர்வ் வங்கி கடன் பத்திர ஏலம் நடத்துகிறது, பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில். ஏல அட்டவணையைப் பார்த்தால் மாநிலம், தொகை, எத்தனை வருஷம், என்ன வட்டி என்று வரிசையாக இருக்கும். தமிழ்நாடு, மகாராஷ்டிரம் எல்லாம் ஆயிரம் கோடிகளில் நிற்கும், நம்ம ஊர் வரும் வாரத்தில் ஒரு சின்னத் தொகையோடு ஓரமாக இருக்கும். வாங்குபவர்கள் வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதிகள். ஆக, உங்கள் பாலிசிப் பிரீமியமும் கடைப் பையனுடைய பி.எஃப். பணமும் அதில் இருக்கலாம். தலைக்கு இவ்வளவு கடன் என்று மேடையில் சொல்பவர், அந்தக் கடனைக் கொடுத்த தலைகளும் நாம்தான் என்று சொல்வதில்லை.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். மத்திய அரசு வசூலிக்கும் வரியில் பங்கை நிதிக் குழு மாநிலங்களுக்குத்தான் பிரித்துக் கொடுக்கும். நாம் யூனியன் பிரதேசம், அந்தப் பட்டியலில் இல்லை. நமக்கு வருவது உள்துறை அமைச்சகக் கணக்கிலிருந்து வரும் மானியம், அதற்குச் சூத்திரம் எதுவும் கிடையாது. பட்ஜெட் எவ்வளவு என்பதற்கே டெல்லி தலையசைக்கணும். பல வருஷம் மார்ச் மாதத்தில் இடைக்காலச் செலவுக்கு மட்டும் சட்டசபையில் அனுமதி வாங்கிவிட்டு, முழு பட்ஜெட்டை ஆடி ஆவணியில் போட்டதைப் பார்த்திருப்பீர்கள். 2020ல் பட்ஜெட்டுக்காகக் கவர்னருக்கும் முதல்வருக்கும் நடந்த இழுபறி மறந்திருக்காது. எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதும் நம் கையில் இல்லை. இங்கே யார் முதல்வரானாலும் "கடனைத் தள்ளுபடி செய்யுங்கள், மாநில அந்தஸ்து கொடுங்கள்" என்று டெல்லிக்கு மனு கொண்டு போவது இதனால்தான்.

கடலூர் ஓ.டி.:

ஐயா சொல்வது சரி, ஆனால் மாநில அந்தஸ்து வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஒன்றிய அரசுக்கு ஒரு ரூபாய் கடன் பாக்கி இருந்தாலும் மாநிலம் புதுக் கடன் வாங்க அதன் சம்மதம் வேண்டும், அரசமைப்புச் சட்டம் 293வது பிரிவு. கேரளா இதை எதிர்த்து 2023ல் உச்ச நீதிமன்றம் போனது, 2024 ஏப்ரலில் வழக்கை ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பிவிட்டார்கள். மாநிலம் ஒரு வருஷத்தில் வாங்கும் கடனுக்கு வழக்கமான வரம்பு அதன் மொத்த உற்பத்தி மதிப்பில் 3 சதவீதம். வரம்பு போடும் ஒன்றிய அரசு மட்டும் தன் பற்றாக்குறையை 4.4 சதவீதம் என்று 2025-26 பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளலாம், அதுவே சாதனை என்று கைதட்டல் வேறு.

எங்கள் தமிழ்நாட்டுப் பக்கமும் யோக்கியம் இல்லை. 2021 ஆகஸ்டில் புது அரசின் நிதி நிலை பற்றிய வெள்ளை அறிக்கை வந்தபோது குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று முந்தைய ஆட்சியைக் கிழித்தார்கள். 2025 மார்ச்சில் மொத்தக் கடன் 8.33 லட்சம் கோடியைத் தொடும் என்று பட்ஜெட்டிலேயே வந்ததும், அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் அதே பாணியில் வகுத்துக் காட்டினார்கள். இப்படி வகுப்பதில் அர்த்தமே இல்லை. வட்டிக்கு வருமானத்தில் எவ்வளவு போகிறது, வாங்கியது பாலமாச்சா சம்பளமாச்சா என்பதுதான் கேள்வி.

ஃபெஞ்சல் புயலுக்கு உங்கள் அரசு ரேஷன் கார்டுக்கு 5,000 அறிவித்தது, எங்கள் மாவட்டத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2,000. எங்கள் தெருவில் எல்லோரும் "பாண்டி கவர்மெண்டுதான் கவர்மெண்ட்" என்றார்கள். கடனைப் பற்றி அன்றைக்கு ஒருத்தர் வாய் திறக்கணுமே!

லாஸ்பேட்டை_87:

இலங்கைக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. 2022 ஏப்ரல் 12ல் அவர்கள் கட்ட முடியாது என்று அறிவித்தது வெளிநாட்டுக் கடனை. அதை டாலரில் கட்டணும், டாலரை அவர்களால் அச்சடிக்க முடியாது. புதுச்சேரி வாங்குவது ரூபாயில், கணக்கு ரிசர்வ் வங்கியிடம், தவணையும் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். பெட்ரோலுக்கு வரிசையில் நிற்கும் நிலை வராது. சம்பளம் தள்ளிப்போகும், ஒப்பந்தக்காரருக்குப் பில் தேங்கும், ரோடு அப்படியே கிடக்கும். இந்தியாவே டாலர் நெருக்கடியில் மாட்டியது 1991ல், அப்போது தங்கத்தை அடகு வைத்தோம்.

சம்பந்தமில்லாமல் ஒன்று: எங்கள் லாஸ்பேட்டைக்குப் பெயர் கொடுத்த கவர்னர் லா துரையின் பெரியப்பா ஜான் லா. பிரெஞ்சு ராஜாவின் கடன் பத்திரங்களை வாங்கிக்கொண்டு பதிலுக்குத் தன் கம்பெனியின் பங்கு கொடுத்தவர், அந்தக் கம்பெனிதான் பாண்டிச்சேரியையும் வைத்திருந்தது. 1720ல் எல்லாம் கவிழ்ந்து ஊரை விட்டே ஓடினார். கடன் அரசியலில் நமக்குப் பரம்பரைத் தொடர்பு இருக்கிறது சார்.

பழைய கருவூலத்தான்:

மச்சான் கேள்விக்கு: மகளிர் பணம் செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் சம்பளம், பென்ஷன், பழைய கடனுக்கு வட்டி, மின்சாரம் வாங்கும் செலவு, இவைதான் பட்ஜெட்டின் பெரும்பகுதியைத் தின்கின்றன. என் பென்ஷனும் அதில்தான் வருகிறது, அதனால் நான் நடுநிலை இல்லை. மொத்தக் கடனையும் அந்த மாதப் பணம் வாங்கும் அம்மாக்கள் தலையில் கட்டுவது அநியாயம்.

முத்தியால்பேட்டைக்காரன்:

நன்றி ஐயா. மச்சானுக்கு அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் இல்லை. அந்த ஏல அட்டவணை எங்கே கிடைக்கும்?

பழைய கருவூலத்தான்:

ரிசர்வ் வங்கி இணையதளத்தில் பத்திரிகைக் குறிப்புகள் பகுதியில் தேடுங்கள். நீங்களே பத்திரம் வாங்கவும் 2021 முதல் வழி இருக்கிறது, குறைந்தது 10,000 ரூபாய்.