முதல் குளிருக்கு மரோன் சுடுவது: போறணையைக் கண்டு பயப்படுகிற பிள்ளைகளுக்கு

இதை யாழ்ப்பாணத்தில் இருந்துதான் எழுதுகிறேன். மார்கழி விடுமுறையில் அம்மாவைப் பார்க்க வந்து கோண்டாவிலில் நிற்கிறேன். பக்கத்து வீட்டுத் தம்பிக்குப் பாரிசுக்கு விசா வந்துவிட்டது. பொங்கல் கழியப் பயணம். நேற்றுப் பின்னேரம் ஒரு கொப்பியோடு வந்து உட்கார்ந்தான். ஒரு பக்கம் நிறையக் கேள்வி. வங்கி, மெட்ரோ மட்டை, குளிருக்கு எத்தனை சட்டை என்று ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வந்து, கடைசியில் கொஞ்சம் கூச்சத்தோடு, "அண்ணை, அங்க வீடுகளில அவன் இருக்குமாமே, அதை எப்படிப் பாவிக்கிறது?" என்றான். விறாந்தையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "ஆர் அவன்?" என்று கேட்டார்.

அவன் வேறு யாருமில்லை, நம் ஊர் பேக்கரிப் போறணைதான். கேக் கலவையைத் தட்டில் ஊற்றி, துணியால் மூடி, சைக்கிள் கரியரில் வைத்துப் பேக்கரிக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்கி வந்த வீட்டுப் பிள்ளைகள் நாங்கள். அதே சாமான் சின்னதாகக் குசினிக்குள் நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் வெளிநாட்டில் நம் ஆட்களின் வீடுகளில் அது சமைப்பதற்கு அல்ல, தாச்சியும் பொரிக்கிற சட்டியும் அடுக்கி வைப்பதற்கு. நானும் இரண்டு வருடம் அப்படித்தான் வைத்திருந்தேன். வங்கிக் கணக்கு, வாடகை வீடு பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் போறணையில் தொடங்குகிறேன். பழகுவதற்கு மரோன் என்கிற, சுட்டுத் தின்னும் கொட்டையைப் போல லேசான சாமான் இல்லை.

மரோன் என்று பாரிசில் நாங்கள் சொல்வது, லண்டனில் செஸ்நட், சுவிசில் மரோனி. ஐப்பசி தொடங்கியதும் கடைகளில் வரும், கிறிஸ்மஸ் வரை இருக்கும், பிறகு தேடினாலும் நல்லதாகக் கிடைக்காது. மெட்ரோ வாசலில் நம் முகச்சாயலுள்ள பெடியங்கள் தள்ளுவண்டியில் தகரத்தை வைத்துச் சுட்டு, கடதாசிச் சுருளில் போட்டு, "மரோன் ஷோ, மரோன் ஷோ" (சூடான மரோன்) என்று விற்பார்கள். நல்லூர்த் திருவிழாக் கச்சான் கடையின் ஞாபகம் வந்து நெஞ்சு கரையும். அந்தச் சுருளில் ஏழெட்டுக் கொட்டைதான் இருக்கும். அந்தக் காசுக்குக் கடையில் அரைக் கிலோவுக்குக் கிட்ட வாங்கலாம்.

நான் அப்படித்தான் வாங்கினேன். 1998, முதல் குளிர். ஓர் அறையில் நாலு பேர். கச்சானை வறுக்க யாராவது கீறுவார்களா? தாச்சிகளை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, கொட்டைகளை அப்படியே தட்டில் கொட்டிப் போறணைக்குள் தள்ளினேன். அரை மணித்தியாலம் ஒரு சத்தமும் இல்லை. வெந்துவிட்டது என்று தட்டை வெளியே இழுத்த பிறகுதான் முதலாவது வெடித்தது. நான் தட்டைப் போட்டேன், அந்த அதிர்ச்சியில் இன்னும் மூன்று. சுவர், கூரை, என் தலைமயிர் எங்கும் மஞ்சள் மா. படுத்திருந்தவர்கள் மூவரும் எழும்பிக் கட்டிலுக்குக் கீழே போய்விட்டார்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் அந்தக் காலத்தில் ஊரில் யுத்தத்துக்குள் இருந்து வந்தவர்களுக்கு வெடிச் சத்தம் என்றால் உடம்பு தானாகவே கீழே போகும்.

சத்தம் கேட்டுக் கதவைத் தட்டியது எதிர்வீட்டுப் போர்த்துக்கீசப் பெண்மணி. வயது அறுபது இருக்கும். எனக்குப் பிரெஞ்சு பத்துச் சொல். அவருக்கு என்னைவிடப் பரவாயில்லை, ஆனாலும் கோபம் வந்தால் தன் பாஷைதான். குசினியைச் சுற்றிப் பார்த்து ஏதோ சொன்னார். அதில் "குசீன்யா" என்று ஒரு சொல் வந்தது. எனக்குக் காது நிமிர்ந்தது. பிறகு போறணையைக் காட்டி "ஃபோர்னு" என்றார். என்னைத் தள்ளிவிட்டு உள்ளே வந்து மேசையடியில் உட்கார்ந்து, "மேசா" என்று தட்டிக் காட்டி, மிச்சக் கொட்டைகளை அங்கே கொட்டச் சொன்னார். அப்புறம் எதையோ சுற்றுவது போலக் கையைக் காட்டி "துவால்யா, துவால்யா" என்றார். நான் ஓடிப்போய்த் துவாயை எடுத்து வந்தேன். அவரே திகைத்துப்போனார்.

போர்த்துக்கீசர் 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்து, 1658இல் ஒல்லாந்தரிடம் கோட்டையைப் பறிகொடுத்துப் போனார்கள். நாற்பது வருடம்கூட இல்லை. கோவில்களை இடித்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். குசினியும் மேசையும் துவாயும் விறாந்தையும் அவர்கள் விட்டுப் போன சொற்கள் என்பது அந்த இரவுதான் எனக்கு உறைத்தது. மரோன் சுடுவதற்கு வேண்டிய சொற்களில் பாதி எங்களிடம் ஏற்கெனவே இருந்தன.

சரி, அவர் காட்டித் தந்த முறைக்கு வருகிறேன். அளவுகள் பிறகு நானே செய்து பார்த்துப் பிடித்தவை.

வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். பாரமாக, பளபளவென்று இருக்க வேண்டும். காதுக்குக் கிட்ட ஆட்டினால் உள்ளே சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் காய்ந்து சுருங்கிவிட்டது. குண்டூசித் துளை போல ஓட்டை இருந்தால் புழு. வீட்டுக்கு வந்து ஒரு சட்டி தண்ணீரில் போடுங்கள், மிதப்பதை எறியுங்கள். மற்றவை அரை மணித்தியாலம் ஊறட்டும். ஊறினால் ஓடு இளகும், கத்தி வழுக்காது. பிரான்சில் பைக்கு மேல் ஷாத்தைன் என்று எழுதியதும் வரும், மரோன் என்று எழுதியதும் வரும். ஷாத்தைனில் உள்தோல் பருப்பை ஊடறுத்துப் போயிருக்கும், உரித்து முடியாது. முதல் தடவை என்றால் மரோனையே வாங்குங்கள்.

அடுத்தது கீறல். இதில்தான் எல்லாம் இருக்கிறது. பச்சை மரோனில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். சூடேறினால் அது ஆவியாகும், ஓடு இறுக்கமாக இருந்தால் போக வழியில்லை, அதனால் வெடிக்கும். நம் அம்மாமார் பலாக்கொட்டையை அடுப்புச் சாம்பலுக்குள் தள்ளுமுன் நுனியில் ஒரு கடி கடித்துவிடுவார்களே, அதே காரணம்தான். கொட்டையின் தட்டைப் பக்கம் மேசையில் இருக்கட்டும், முதுகுப் பக்கம் மேலே. பல்லுள்ள சின்னக் கத்தியால் குறுக்கே ஒரு நீளக் கீறல், அல்லது சிலுவை போல இரண்டு. ஓடும் அதன் கீழுள்ள மெல்லிய தோலும் வெட்டுப்பட வேண்டும், பருப்பு ஆழமாக வெட்டுப்படக் கூடாது. கத்தியை உங்கள் விரலை நோக்கி இழுக்காதீர்கள். கொட்டையைத் துவாயின் மடிப்புக்குள் பிடித்துக்கொண்டால் உருளாது. ஒன்றையாவது மறந்துவிட்டீர்களா என்று கடைசியில் எண்ணிப் பாருங்கள். நாற்பதில் ஒன்று தப்பினாலும் அந்த ஒன்று போதும்.

போறணைக்குள் தாச்சி, பிளாஸ்டிக் மூடி ஏதும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பகிடி இல்லை. புது வீட்டில் முன்பு இருந்தவர் என்னத்தை வைத்துவிட்டுப் போனாரோ தெரியாது. திருகியில் மேலே ஒரு கோடும் கீழே ஒரு கோடும் உள்ள குறி என்றால் மேலும் கீழும் சூடு, அதில் 200 பாகை. காற்றாடிக் குறி என்றால் 180 போதும். பழைய பிரெஞ்சு அடுப்பில் பாகை இருக்காது, 1 முதல் 10 வரை இலக்கம் இருக்கும். அதை 30ஆல் பெருக்கினால் ஏறக்குறையப் பாகை வரும். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே வையுங்கள். இங்கிலாந்து காஸ் அடுப்பில் 6 என்பது 200 பாகை. வெறும் போறணையைப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சூடாக்கிவிட்டு, கீறல் மேலே தெரிய ஓர் அடுக்காகப் பரப்பி, நடுத்தட்டில் வையுங்கள். கீழ்த்தட்டில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தால் பருப்பு காய்ந்து கல்லாகாது. இருபது முதல் முப்பது நிமிடம். பாதியில் ஒரு தடவை தட்டை ஆட்டிவிடுங்கள். தட்டைப் பிடிப்பது காய்ந்த துணியால். ஈரத் துணி சூட்டை உடனே கைக்குக் கடத்தும், பலர் அப்படித்தான் சுட்டுக்கொள்கிறார்கள்.

கீறிய இடத்தில் ஓடு பூ விரிவது போல வெளியே சுருண்டு, உள்ளே பருப்பு பொன்னிறமாகத் தெரிந்தால் எடுத்து ஒன்றைக் கத்தியால் குத்திப் பாருங்கள். அவித்த கிழங்கு போல இறங்க வேண்டும். பிறகுதான் துவாய். எல்லாவற்றையும் சூட்டோடு துவாயில் கொட்டி, முடிச்சுப் போட்டு, மேலே கையால் கொஞ்சம் நெரியுங்கள், நொறுங்குகிற சத்தம் கேட்கும். ஐந்து பத்து நிமிடம் அப்படியே இருக்கட்டும். உள்ளே அடைபட்ட ஆவிதான் அந்த மயிர்த் தோலைக் கழற்றிக் கொடுக்கும். முடிச்சை அவிழ்த்தால் கை சுடச் சுட உரிக்க வேண்டும். ஆறவிட்டுவிட்டால் தோல் மறுபடி பருப்போடு ஒட்டிக்கொள்ளும், நகம் போய்விடும். ஆகவே ஒருவர் உரித்துப் பத்துப் பேருக்குக் கொடுக்கிற விருந்து அல்ல இது. எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்து தங்கள் தங்களுக்கு உரிக்க வேண்டும்.

மைக்ரோவேவில் செய்யலாமா என்று கேட்பீர்கள். செய்யலாம், கீறல் கட்டாயம். ஆனால் ஆறினால் ரப்பர். எனக்குப் பிடிக்காது.

இனி ஒரு எச்சரிக்கை. ஐரோப்பியப் பூங்காக்களிலும் தெருவோரங்களிலும் இலையுதிர் காலத்தில் மண்ணிறக் கொட்டைகள் கொட்டிக் கிடக்கும். பார்த்தால் மரோன் போலவே இருக்கும், அந்த மரத்துக்குப் பிரெஞ்சிலும் மரோன் என்கிற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது குதிரைச் செஸ்நட், தின்றால் நஞ்சு. எங்கள் அறையில் ஒருவர் சும்மா கிடக்கிறதே என்று ஒரு பை நிறையப் பொறுக்கி வந்து அவித்துத் தின்று, விடிய விடிய வாந்தி, வயிற்று வலி. கசந்ததால் இரண்டோடு நிறுத்தியது அவர் நல்ல காலம். அடையாளம் இதுதான்: தின்கிற கொட்டைக்கு ஒரு பக்கம் கூர் நுனியும் அதில் காய்ந்த குஞ்சமும் இருக்கும், குதிரைக் கொட்டை உருண்டு வழுவழுவென்று நுனியில்லாமல் இருக்கும். நல்லதன் வெளிக்கோது நெருக்கமான ஊசி முள், முள்ளெலி போல. மற்றதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தடித்த முள். இலையைப் பார்த்தால் இன்னும் லேசு. நல்ல மரத்தில் அரம் போன்ற ஓரமுள்ள நீளமான தனி இலை, மற்றதில் கை விரித்தது போல ஐந்து ஏழு இலைகள் ஒரே காம்பில். சந்தேகம் என்றால் கடையில் வாங்குங்கள், அவ்வளவு விலையில்லை.

கஜு, பாதாம் போல எண்ணெய்ப் பருப்பு என்று நினைக்க வேண்டாம். சுட்ட மரோனில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 2 கிராம்தான் கொழுப்பு, கிட்டத்தட்டப் பாதி மாச்சத்து. பச்சை மரோனில் தண்ணீர் கூட என்பதால் வாங்கி அலமாரியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், கடதாசிப் பையில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் சோறு, கிழங்குக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். துப்புரவு வேலையிலோ ஆஸ்பத்திரி வேலையிலோ ரப்பர்க் கையுறை போட்டுக் கை தடித்தவர்கள் கொஞ்சம் கவனம். லாடெக்ஸ் ஒவ்வாதவர்களில் சிலருக்கு மரோனும் ஒவ்வாது.

மிஞ்சினால் எங்கள் வழி இருக்கிறது. அவித்த பனங்கிழங்கைத் தும்பு நீக்கி, தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், உள்ளி, உப்போடு இடித்து உருண்டை பிடிப்போமே, ஆறிய மரோனை அப்படி இடித்துப் பாருங்கள். தும்பு இல்லை, இனிப்புக் கொஞ்சம் கூட, மற்றபடி அதே கைப்பக்குவம். பலாக்கொட்டை போடுகிற மாதிரிப் பால்கறியும் வைக்கலாம். பிரான்சின் தெற்கே செவென் மலைகளில் இதற்கு ரொட்டி மரம் என்று பெயர். கோதுமை விளையாத மலை. கல் வீட்டின் மேல்தட்டில் மரோனைப் பரப்பி, கீழே வாரக்கணக்கில் மெல்லிய புகை போட்டு உலர்த்தி, மாவாக்கி, வருடம் முழுக்கத் தின்றார்கள். கோர்சிகாவில் அந்த மாவில் இன்றும் களி கிண்டுகிறார்கள். இதைக் கேள்விப்பட்டபோது எனக்குப் பனங்கிழங்கை உலர்த்தி இடித்த ஒடியல் மாவும் கூழும்தான் கண்ணுக்கு முன்னால் வந்தன. நேற்றுக்கூட இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் பனங்கிழங்குக் கட்டுகள் மண் காயாமல் குவிந்து கிடந்தன. நாலு கட்டு வாங்கி வந்தேன்.

அம்மாவுக்கு அவித்து அடைத்த மரோன் பை ஒன்று கொண்டு வந்திருந்தேன். வாயில் போட்டு மெதுவாக மென்றார். "பலாக்கொட்டைதானே, இதுக்கும் காசு குடுத்தனியோ?" என்றார். பிறகு பையில் கையை விட்டு இன்னும் இரண்டு எடுத்தார்.

தம்பி கொப்பியில் எல்லாம் எழுதிக்கொண்டான். 200, நடுத்தட்டு, துவாய் என்று அடிக்கோடு வேறு. தான் போகிற அறையில் ஐந்து பேராம், போறணை இருக்கிறதாம், ஆனால் யாரும் மூட்டிப் பார்த்ததில்லையாம். போய் இறங்கியதும் உள்ளே உள்ள தாச்சிகளை எடுத்துவிட்டுத் திருகியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். உங்களிலும் யாருக்காவது குறி விளங்காவிட்டால் படத்தை இங்கே கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.