கரியமில வாயுவைப் பிடிக்கும் ஆலைகள்: சூழல் பாதிப்பை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி – கல்லூரி மாணவி, நாகர்கோவில்
தூத்துக்குடியில், கண்ணாடி செய்யப் பயன்படும் சோடா உப்பைத் தயாரிக்கும் ஆலை ஒன்றில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்து மூலப்பொருளாக்கும் திட்டம் 2016ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. இத்தகைய நுட்பம் சூழலுக்கு உண்மையிலேயே நன்மை தருகிறதா என்பதை எந்த அளவுகோலால் மதிப்பிட வேண்டும்?

மறுமொழி – ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், தக்கலை
மகளே, பிடித்த அளவை மட்டும் பார்த்தால் போதாது. வாயுவை உறிஞ்சிய அமீன் (அம்மோனியாவிலிருந்து பெறப்படும் வேதிப்பொருள் வகை) கரைசலைச் சூடாக்கித்தான் அதை மீண்டும் பிரிக்கிறார்கள். ஆகவே அந்த வெப்பத்துக்காகக் கூடுதலாக எரியும் நிலக்கரி, அதைத் தோண்டும் சுரங்கம், குளிர்விக்கும் நீர், சிதைந்த கரைசலின் கழிவு, அமீன் காற்றில் கலந்தால் உருவாகக்கூடிய நைட்ரோசமீன் என்ற நச்சுப்பொருள் ஆகிய அனைத்தையும் கழித்த பிறகு மிஞ்சுவதே உண்மையான பயன். வாயு இறுதியில் எங்கே போய்ச் சேருகிறது என்பது இதனினும் முக்கியம். நார்வேயின் ஸ்லைப்னர் என்ற கடல் எரிவாயு வயலில் 1996 முதல் அதைக் கடலடிப் பாறைக்குள் செலுத்திவருகிறார்கள். சோடா உப்பிலோ, அது கண்ணாடி உலையில் உருகும்போது அதே வாயு வெளியேறிவிடுகிறது. அதை நிரந்தரச் சேமிப்பு என்று எழுதுவது பிழை என்றே நான் கருதுகிறேன்.

மறுமொழி – குளச்சல் வாசகர்
ஆசிரியர் ஐயா சொன்னதோடு, கடலடியில் செலுத்திய வாயு கசியும் அபாயத்தையும் சேர்க்க வேண்டும். கரியமில வாயு கரைந்தால் கடல்நீரின் அமிலத்தன்மை கூடும். சிப்பிகள் ஓடு கட்டுவது கடினமாகும். எங்கள் கரைப் பாறைகளில் சிப்பி எடுத்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இது வாழ்வுப் பிரச்சினை.

மறுமொழி – ஆரல்வாய்மொழி வாசகர்
எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதையும் கேளுங்கள், தங்கையே. பிடிக்கும் கருவிக்குச் செலவாகும் மின்சாரத்தை, எங்கள் கணவாயின் காற்றாலைகளைப் போன்றவற்றிலிருந்து பெற்று நேரடியாக நிலக்கரி மின்சாரத்துக்கு மாற்றாக்கினால் எவ்வளவு புகை குறையும் என்பதையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். சிமெண்ட் ஆலைக்கு இந்த வாதம் முழுமையாகப் பொருந்தாது. அங்கே எரிபொருளை மாற்றினாலும், சுடப்படும் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வாயு வெளிப்படுகிறது.