ஓ.ஆர்.எஸ். தண்ணீரில் சீனி எதற்கு? படிவம் 4 பயாலஜி கேள்வி

சிப்புட் லாரி அப்பா:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். மகளுக்குப் போன வாரம் வயிற்றுப்போக்கு, கிளினிக்கில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கொடுத்தார்கள். "தண்ணிதானே போகுது, தண்ணி குடிச்சா போதாதா, உப்பும் சீனியும் எதுக்குப்பா?" என்று கேட்கிறாள். செல் சவ்வில் லியாங், பெம்பாவா என்று (மலாய்ப் பெயர்கள்) இரண்டு வகைப் புரதம் இருக்காம், பதில் அதில்தான் இருக்கும் என்கிறாள். எனக்கு லாரி ஓட்டத்தான் தெரியும், யாராவது சொல்லுங்கள்.

செம்பனைக்காரன்:
லியாங் என்றால் துளை, சும்மா புகுந்து போகலாம். பெம்பாவா சுமந்துபோவது, அதற்குக் கட்டாயம் ஏ.டி.பி., அதாவது செல்லின் எரிசக்தி, செலவாகும். அவ்வளவுதான் அண்ணே.

லேப் அக்கா:
தம்பி, அந்தக் கட்டாயம்தான் தப்பு, பரீட்சையில் நிறையப் பேர் மார்க் விடுகிற இடமும் அதுதான். ரத்தச் சிவப்பணு குளுக்கோஸை உள்ளே எடுப்பதும் பெம்பாவா வழியாகத்தான், ஏ.டி.பி. கிடையாது.

அண்ணா, சிறுகுடல் செல்லில் எஸ்.ஜி.எல்.டி.1 என்று ஒரு பெம்பாவா இருக்கிறது. உப்பில் இருக்கும் சோடியம் இரண்டும், ஓ.ஆர்.எஸ்.ஸில் சீனியாக இருக்கும் குளுக்கோஸ் ஒன்றும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். உங்கள் பாஷையில் சொன்னால் சோடியம் இறக்கத்தில் வரும் லாரி, குளுக்கோஸ் அதில் தொற்றிக்கொள்கிறது. லாரியை முதலில் மேட்டில் ஏற்றி வைப்பது செல்லின் மறுபக்கத்துப் பம்ப். ஒரு ஏ.டி.பி.க்கு 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும், அதனால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கௌ நண்டு நரம்பில் இந்தப் பம்பைக் கண்டு 1957இல் எழுதினார், நோபல் கிடைத்தது 1997இல்! உப்பும் சீனியும் உள்ளே போனதும் தண்ணீர் பின்னாலேயே போகும். காலராவில்கூட இந்த வழி அடைபடாது, அதனால்தான் ஓ.ஆர்.எஸ். வேலை செய்கிறது.

அளவு முக்கியம். ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். சீனி கூடினால் குடல் உடம்பிலிருந்தே தண்ணீரை இழுத்துக்கொள்ளும், போக்கு அதிகமாகும். இனிப்பான தே ஓ (பால் இல்லாத டீ), சிரப் எல்லாம் இதற்கு ஈடாகாது.

சிப்புட் லாரி அப்பா:
ஐயோ அக்கா, உப்புக் கரிக்குது என்று அவள் முகம் சுளித்ததால் நான்தான் மேலே மூன்று கரண்டி சீனி போட்டுக் கொடுத்தேன். இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள், இதைப் படித்துவிட்டு என்னை முறைக்கிறாள்.