பழைய அலுமினிய மோட்டார் படகு: ரிவிட், பின்பலகை, எஞ்சின்

பழைய படகைச் சரிசெய்வது பற்றி நாலு ஊர்க்காரர்கள் சொல்வது இது.

காட்பாடி:
ஒழுகுற இடத்தைக் கண்டுபிடிக்க ஏரிக்குப் போக வேண்டியதில்லை. படகைப் பழைய லாரி டயர்மேல உட்கார வெச்சு, உள்ளே நாலு விரல்கடை உயரத்துக்குத் தண்ணி விடுங்க. 14 அடிப் படகில் அதுவே 300 கிலோ பக்கம் வரும். அடிமரம் (படகின் அடியில் நடுவா ஓடுற முதுகெலும்பு) நெடுகத் தாங்கல் இல்லேன்னா தகடு வளைஞ்சிடும். கீழே படுத்துப் பார்த்தா, ரிவிட் (தகடுகளை இணைக்கிற ஆணி) தலையைச் சுத்தி முதல்ல ஒரு ஈர வளையம் தெரியும். அப்பவே துடைச்சு மார்க்கர்ல குறிச்சுடணும். சொட்ட விட்டா தண்ணி மடிப்போரமா ஓடி வேற ரிவிட்டில் சொட்டும். நல்லதைப் பிடுங்கிப் போட்டுடுவோம்.

தளர்ந்ததை எல்லாம் உடனே துளைக்காதீங்க. வெளியே ஒருத்தர் கனமான இரும்புக் கட்டையைத் தலைமேல அழுத்திப் பிடிக்க, உள்ளே இன்னொருத்தர் வாலில், அதாவது ரிவிட்டின் மறுமுனையில், ரெண்டு மூணு தட்டு தட்டினா பெரும்பாலும் இறுகிடும். மேல மேல அடிச்சா தகடு விரிஞ்சு பக்கத்து ரிவிட் தளரும். மாத்தித்தான் ஆகணும்னா 5 மி.மீ. கெட்டி ரிவிட்டுக்கு வால் 7.5 மி.மீ. வெளியே நீட்டணும், அடிச்ச பிறகு 7.5 அகலம், 2.5 உயரம் நிக்கணும். துளையில் பாலியூரித்தேன் சீலன்ட் (ஒழுகலை அடைக்கிற பசை) தொட்டு வைங்க. ஒரு பக்கமிருந்தே இழுத்து மாட்டுற சாதாரண பாப் ரிவிட் நடுத்துளை வழியா ஒழுகும். சிலிக்கோன் சீலன்ட் பூசின இடத்தில் அப்புறம் பெயின்ட் ஒட்டவே ஒட்டாது.

ராணிப்பேட்டை:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. சிப்காட் பக்கம் அலுமினியத்தை ஒட்டும் கைதேர்ந்த டிக் (TIG) வெல்டர்கள் இருக்கிறார்கள் என்று ரிவிட் வரிசையை வெல்டிங்குக்குக் கொடுத்துவிடாதீர்கள். மடிப்புக்குள் பழைய சீலன்டும் ஆக்சைடும் இருக்கும், வெல்டு நுரைத்துப்போகும். சூடு பட்ட ஓரத்தில் தகடு மிருதுவாகி, ஓடும்போது அங்கேயே விரிசல் விடும்.

எஞ்சின் மாட்டும் பின்பலகைதான் முதலில் பார்க்க வேண்டிய இடம். கூரான ஆணியால் குத்துங்கள். வெண்ணெயில் போல இறங்கினால் பலகை போய்விட்டது. புதுப் பலகைக்கு, 18 மி.மீ. மரைன் பிளைவுட் (ஐஎஸ் 710 தரம்) இரண்டை எபாக்சியால் (ஹார்டனர் கலந்ததும் இறுகும் பசை) ஒட்டினால் 36 மி.மீ. வரும். போல்ட் துளையைப் பெரிதாகத் துளைத்து எபாக்சி ஊற்றி, இறுகிய பின் மறுபடி துளையிடுங்கள். அப்போதுதான் மரத்துக்குள் ஈரம் இறங்காது. செம்பு உப்பு ஏற்றிப் பதப்படுத்திய பலகையும் பித்தளை ஸ்குரூவும் அலுமினியத்தைத் தொடவே கூடாது. ஈரம் பட்டால் தகடு வெள்ளைப் பொடியாக உதிர்ந்து குழி விழும். போல்ட் 316 ஸ்டெயின்லெஸ், அடியில் நைலான் வாசர்.

தோல் பட்டறை ஊர்களில் உப்பேறிய போர்த் தண்ணீரில் படகைக் கழுவினால் அந்தக் குளோரைடும் குழி போடும். கடைசி அலசலுக்கு மழைத் தண்ணீர். காஸ்டிக் சோடாவும் இரும்புக் கம்பி பிரஷ்ஷும் பக்கத்திலேயே வரக் கூடாது.

குடியாத்தம்:
எபாக்சி விஷயத்தில் நம்மூர் வெயிலை மறக்கவே கூடாதுங்க. சித்திரை வைகாசியில் ஒரு டம்ளர் நிறையக் கலந்தா, பூசி முடிக்கறதுக்குள்ள கையிலேயே கொதிச்சுப் புகையும். கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து தட்டையான தட்டில் ஊத்திடுங்க, விடியக்காலையில் வேலையை முடிச்சிடுங்க. மெதுவா இறுகுற ஹார்டனர் கேட்டு வாங்குங்க.

சீட்டுக்கு அடியில் மிதப்புக்காக இருக்கிற ஃபோமை ஒரு துண்டு அறுத்துப் பிழிஞ்சு பாருங்க. தண்ணி குடிச்சிருந்தா மொத்தமும் வெளியே. பதிலுக்குத் தெர்மகோல் போட்டா, பெட்ரோல் சிந்தினதும் கரைஞ்சுடும். ஈபிஇ (பாலிஎத்திலீன்) ஃபோம் கரையாது.

திருப்பத்தூர்:
எஞ்சின் பற்றி. கியர் ஆயில் பால் கலந்த காபி மாதிரி வந்தால் சீல் போய்த் தண்ணீர் ஏறியிருக்கிறது. வாட்டர் பம்ப் இம்பெல்லரை (குளிர்விக்கும் தண்ணீரை உந்தும் ரப்பர் சக்கரம்) பார்க்காமலே மாற்றிவிடுங்கள். எஞ்சினின் கீழ்ப்பகுதியைத் தண்ணீர் டிரம்மில் இறக்காமல் ஸ்டார்ட் செய்தால் ரப்பர் இதழ்கள் சில நொடியில் கருகும். டூ ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோலும் ஆயிலும் பொதுவாக 50:1, அதாவது பெட்ரோல் லிட்டருக்கு 20 மி.லி. ஆயில். மிகப் பழையவற்றில் 25:1 கேட்பதும் உண்டு. இப்போதைய எத்தனால் பெட்ரோலில் பழைய ரப்பர் ஹோஸ் உப்பிக் குழையும். ஹோஸ், பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) இரண்டும் புதிதாகப் போடுங்கள். ஓட்டி முடித்ததும் ஹோஸைக் கழற்றி, கார்புரேட்டர் காலியாகி எஞ்சின் தானே நிற்கும் வரை ஓடவிடுங்கள்.

மோர்தானா அணையோ காவேரிப்பாக்கம் ஏரியோ, அனுமதி வாங்காமல் இறக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தண்ணீர் நிற்கும்போதுதான் இந்த வேலைக்கெல்லாம் பலன். காலை ஆறு மணிக்குக் காற்று எழும்பாத தண்ணீரில் பாதி திராட்டிலில் (வேகக் கைப்பிடியைப் பாதி திருப்பி) போனால் ரிவிட் வரிசையின் மேல் தண்ணீர் சலசலப்பது காலடியில் கேட்கும்; அந்தச் சுகம் ஃபைபர் படகில் கிடையாது. திராட்டிலைக் கூட்டும்போது எஞ்சின் மட்டும் அலறி, படகு இழுக்காவிட்டால் புரொப்பெல்லர் காற்றைக் குடிக்கிறது. புரொப்பெல்லருக்கு மேலே எஞ்சினில் உள்ள தட்டைத் தகடு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ வரும்படி எஞ்சினை இறக்கி மாட்டுங்கள்.