ஓவர்ஹேங் சீட்: தொங்கு ஆசனமா, மிகை ஆசனமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

தேர்தல் முறைச் சொற்பட்டியலில் ‘ஓவர்ஹேங் சீட்’, அதாவது ஒரு கட்சி தன் வாக்குக்கு உரிய எண்ணிக்கையை மீறி வெல்லும் ஆசனம், இதற்கான தமிழ்ச்சொல் இன்னும் முடிவாகவில்லை. ‘தொங்கு ஆசனம்’ என்ற முன்மொழிவை ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து. யாருக்கும் பெரும்பான்மை இல்லாத அவையைத் ‘தொங்கு சபை’ என்கிறோம். இது வேறு சங்கதி, இரண்டும் ஒரே சபையில் நேரவும் கூடும்.

இலங்கை உள்ளூராட்சித் தேர்தலில் 2018 முதல் உள்ள கலப்பு முறையைப் பாருங்கள். 60% உறுப்பினர் வட்டாரங்களில் நேரடியாக வெல்பவர்கள், 40% கட்சிப் பட்டியலிலிருந்து வருபவர்கள். 20 பேர் கொண்ட ஒரு பிரதேச சபை என்று வைத்துக்கொள்வோம்: வட்டாரம் 12, பட்டியல் 8. செல்லுபடியான வாக்கு 20,000 என்றால் ஓர் ஆசனத்துக்கு 1,000 வாக்கு. ‘அ’ கட்சிக்கு 9,000 வாக்கு, அதன்படி சேர வேண்டிய ஆசனம், அதாவது உரித்து, 9. ஆனால் அது 10 வட்டாரங்களில் வென்றுவிட்டது. ‘ஆ’ 6,000 வாக்கு: 2 வட்டாரம், 4 பட்டியல். ‘இ’ 5,000 வாக்கு: ஐந்தும் பட்டியல். 10+6+5 = 21. வென்ற வட்டாரத்தைப் பறிக்கவும் இல்லை, மற்றவர் உரித்தைக் குறைக்கவும் இல்லை. சபைதான் ஓர் ஆள் பெருக்கிறது. அந்த ஓர் ஆளுக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

இந்தச் சிக்கலின் வேர் 60:40 விகிதத்தில் இருக்கிறது. எல்லா வட்டாரங்களையும் வாரிக்கொள்ளும் கட்சியிடம் 60% வாக்கும் இருந்தால்தான் கணக்கு நேராகும். நாலைந்து கட்சிகள் மோதும் வட்டாரத்தில் 35% எடுத்தவரே வென்றுவிடலாம். மாவட்ட விகிதாசாரமும், கட்சியின் வேட்பாளர்களில் விரும்பியவரைக் குறிக்கும் விருப்பு வாக்கும் உள்ள இலங்கை நாடாளுமன்றத் தேர்தலில் இந்தச் சிக்கல் எழாது. ஆனால் அங்கே ‘எங்கள் ஊர் உறுப்பினர்’ என்று ஒருவரைச் சுட்ட முடியாது. ஒரே கட்சி வேட்பாளர்கள் மாவட்டம் முழுக்கத் தங்களுக்குள்ளேயே விருப்பு வாக்குக்கு முட்டிக்கொள்வார்கள். வட்டாரம் அந்தக் குறையைத் தீர்த்தது. அதற்கு விலை, பெரும்பான்மைக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதே வாக்கெண்ணி முடிந்தபிறகுதான் தெரியும்.

*

வணக்கம் ஐயா.

தொங்கு வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. தமிழ்நாட்டு வாசகருக்கு ‘உபரி இடம்’ உடனே புரியும் என்று நினைக்கிறேன். ‘கூடுதல் இடம்’ என்றும் சொல்லலாம். இன்னொன்று, ஜப்பானின் முறையையும் கலப்பு முறை என்றே எழுதுகிறோம். அங்கும் இந்த இடங்கள் உண்டா?

*

வணக்கம் அம்மா.

ஜப்பானில் கிடையாது. கீழவையில் 289 தொகுதி, 176 பட்டியல். இரண்டும் தனித்தனிக் கணக்கு. தொகுதியில் எத்தனை வென்றாலும் பட்டியல் பங்கு குறையாது, ஆகவே உரித்தை மீறல் என்ற பேச்சுக்கே இடமில்லை. பெரிய கட்சிக்கு இரட்டை லாபம் என்பதே அதன் குறை. அதைத் ‘தனிக்கணக்குக் கலப்பு’ என்றும், இலங்கை உள்ளூராட்சி, நியூசிலாந்து முறைகளை ‘ஈடுசெய் கலப்பு’ என்றும் பிரித்தே எழுத வேண்டும்.

‘உபரி’யைத் தொட வேண்டாம். மாநிலங்களவைத் தேர்தலில் அது ஏற்கெனவே வேலை செய்கிறது. 234 எம்.எல்.ஏ.க்களும் வாக்களித்து 6 இடம் நிரப்பினால், வாக்குக்கு 100 மதிப்பு என்ற கணக்கில் ஒருவர் வெல்லத் தேவையானது 23,400-ஐ 7-ஆல் வகுத்துப் பின்னத்தை விட்டு ஒன்று கூட்ட, 3,343. முதல் விருப்பாக 34 பேரின் வாக்கு கிடைத்தால் 3,400. மிஞ்சும் 57 அடுத்த விருப்புக்குப் போகும். அந்த 57தான் உபரி. ‘மிஞ்சு ஆசனம்’ என்றாலும், வகுத்தபின் அதிக வாக்கு மீதியுள்ள கட்சிக்கு எஞ்சிய இடத்தைத் தரும் பெருமீதி முறையின் மீதியோடு குழம்பும்.

‘கூடுதல்’ ஏன் பொருந்தாது என்பதை ஜெர்மனி காட்டும். 2021-இல் பவேரியாவின் 46 தொகுதிகளில் 45-ஐ சி.எஸ்.யு. கட்சி வென்றது, அம்மாநிலத்தில் அதன் கட்சி வாக்கோ 31.7%. இப்படி நாடு முழுவதும் 34 இடங்கள் உரித்தை மீறின. விகிதம் கெடாதிருக்கக் கட்சிகளுக்கு மேலும் 104 இடங்கள் கொடுத்தார்கள். 598 ஆக இருக்க வேண்டிய அவை 736 ஆயிற்று. 34, 104 இரண்டுமே கூடுதல்தான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நியூசிலாந்து அப்படிச் சமன் செய்வதில்லை. 2008-இல் 120 பேர் அவை 122 ஆனதோடு சரி.

ஆகவே உரித்தை மீறி வென்றது ‘மிகை’, அதைச் சமன் செய்யக் கொடுப்பது ‘சமன்’. பின்னொட்டாக ஆசனம், இடம் எதுவும் அவரவர் நாட்டு வழக்கப்படி வரட்டும்.

இனி வேண்டியது இன்னொரு சொல். ஜெர்மனி 2023-இல் மிகை இடங்களை ஒழித்து அவையை 630-இல் நிறுத்தியது. கட்சிக்கு உரிய எண்ணிக்கை தீர்ந்தால், குறைந்த வாக்கு வீதத்தில் வென்றவர்களுக்கு இடமில்லை. 2025-இல் 23 பேர் தொகுதியில் முதலாவதாக வந்தும் அவைக்குப் போகவில்லை. இதற்கு ‘இடமில்லா வெற்றி’ என்று எழுதிப் பார்த்தேன். ‘உரித்தில்லா வெற்றி’ என்றால் வென்றவர் ஏதோ முறைகேடு செய்தது போல் ஒலிக்கிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.